தெல்மாவின் ராஜபக்தி

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். மரியாதைக்காகச் சொன்ன பொய்க்கு அந்தத் தண்டனை இல்லை. அதற்குக் கோப்பைகள் கிடைக்கும். எங்கள் ஊர் டாட்மோர்டனில் தெல்மா கிரீன்வுட்டின் வீட்டுக்குள் ஒரு தடவை போய் வந்தவர்களுக்கு இது தெரியும். கண்ணாடி அலமாரியில் இளவரசர்கள், ஜன்னல் திட்டில் இளவரசிகள். கணப்படுப்புக்கு மேலே தட்டுகளில் மொத்தக் குடும்பமும் சிரித்துக்கொண்டு நிற்கும். டீ கெட்டிலுக்குப் போர்த்துகிற கம்பளி உறைகூட கிரீடம் மாதிரி பின்னியது. இதில் ஒன்றைக்கூட தெல்மா காசு கொடுத்து வாங்கியதில்லை. அரச குடும்பத்தின் மேல் அவளுக்குப் பிரியமும் கிடையாது, விரோதமும் கிடையாது. அவர்கள் பாட்டுக்கு அவர்கள் இருக்கட்டும், நம் பாட்டுக்கு நாம் இருப்போம் என்பதுதான் அவள் கட்சி.

வினை ஆரம்பித்தது அவள் கணவன் ஆர்தர் இறந்த மாதத்தில். பக்கத்து வீட்டு பாலீன் கதவைத் தட்டி, ஏதோ ஒரு பழைய அரச கல்யாணத்தின் படம் போட்ட கோப்பையை நீட்டினாள். "உனக்குப் பிடிக்கும்னு தோணிச்சு" என்றாள். தெல்மாவுக்கு அன்றைக்கு அது கோப்பையா குடமா என்றே கண்ணில் படவில்லை. ஆனால் ஒருவர் வாசலில் நின்று ஒரு பொருளை நீட்டினால் சும்மா வாங்கிக்கொள்ள முடியுமா? "அய்யோ, எவ்வளவு அழகு! எனக்கு இவங்கன்னா உயிராச்சே" என்று சொல்லிவிட்டாள். அதோடு போயிற்று என்று நினைத்தாள்.

போகவில்லை. அந்த வருடப் பிறந்தநாளுக்கு பாலீன் ஒரு தட்டுக் கொடுத்தாள். கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டுக்காரர்கள் துடைக்கும் துணி கொடுத்தார்கள், துணி முழுக்க ராஜமுகம். அந்தத் துணியால் எதைத் துடைப்பது? பக்கத்து மனிதருக்கு என்ன பரிசு வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிற ஊர் இது. தெல்மா விஷயத்தில் அந்தக் கவலை தீர்ந்துவிட்டது என்று தெருவே நிம்மதி அடைந்தது. அரண்மனையில் ஒரு குழந்தை பிறந்தால் போதும், தெல்மாவின் அலமாரியில் ஒரு பொருள் கூடும். அவளும் ஒவ்வொரு தடவையும் கையைக் கன்னத்தில் வைத்து "அடடா" என்றாள். பதினாலு வருஷமாக.

இதையெல்லாம் அவள் பெரிய துன்பமாக நினைத்ததில்லை. தூசி தட்டுவது ஒன்றுதான் வேலை. ஸ்டான்லி வரும்வரை அப்படித்தான் இருந்தது.

ஸ்டான்லி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் சமூகக்கூடத்தில் நடக்கும் ஜோடி நடனத்துக்கு வருவார். பஸ்ஸை அவர் எப்படி ஓட்டினாரோ தெரியாது, நடனத்தில் தெல்மாவின் காலை மிதிக்காத செவ்வாய்க்கிழமை கிடையாது. மிதித்த ஒவ்வொரு முறையும் நின்று, தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார். அதற்குள் பாட்டு முடிந்துவிடும். தெல்மா கெட்டியான தோல் ஷூவாகப் பார்த்து வாங்கிக்கொண்டாள், ஜோடியை மாற்றிக்கொள்ளவில்லை. அவரைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அறுபத்தாறு வயதில் இதிலெல்லாம் சந்தேகம் வருமா?

இளவரசரின் கல்யாணத்துக்கு நாள் குறித்து, அன்றைக்கு நாட்டுக்கே விடுமுறை என்று அறிவித்த வாரத்தில், நடன இடைவேளையில் ஸ்டான்லி டீ கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"கல்யாணத்தன்னிக்கு லீவு விடறாங்களாமே, தெல்மா."

"ஆமாம், விடறாங்களாம்."

"நாடே டிவி முன்னாடி உக்காந்திருக்கும். ரோடு காலியாக் கிடக்கும். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவன் சொல்றேன், அந்த மாதிரி ரோடு கண்ணுல படறதே அபூர்வம்."

"அப்படியா?"

"விட்பிக்கு ஒரு நடை போய்ட்டு வரலாம்னு இருக்கேன். கடல் பாக்கலாம். மீனும் சிப்ஸும் வாங்கறதுக்கு வரிசையில நிக்க வேண்டாம். கார்ல பக்கத்து சீட்டு சும்மாதான் இருக்கு."

"யோசிச்சுச் சொல்றேனே" என்றாள் தெல்மா. யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் இங்கே எதையும் முதல் தடவை கேட்டவுடன் வாங்கிக்கொள்ளும் வழக்கமில்லை. இன்னொரு துண்டு கேக் வேண்டுமா என்றால்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை கேட்பதற்காகக் கேக்கையே பார்த்துக்கொண்டிருப்போம். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி கேட்பார், சரி என்று சொல்லிவிடலாம் என்று தெல்மா இருந்தாள்.

அதற்குள் பாலீன் உள்ளூர் வாரப் பத்திரிகைக்குப் போன் போட்டுவிட்டாள். ஒரு புகைப்படக்காரர் வந்து தெல்மாவைக் கோப்பைகளுக்கு நடுவில் உட்காரவைத்தார். "கல்யாணத்தப் பத்தி என்ன நெனைக்கறீங்க?" என்று கேட்டார். "நல்லபடியா நடக்கட்டும்" என்றாள் தெல்மா. வெள்ளிக்கிழமை பத்திரிகையில், பாதிப் பக்கத்துக்கு அவள் படம். 'சொந்த மகனுக்குக் கல்யாணம் நடப்பதுபோல் துடிக்கிறேன்: ராஜகுடும்பத்தின் முதல் ரசிகை உருக்கம்' என்று போட்டிருந்தார்கள். தெல்மாவுக்கு மகனே கிடையாது.

செவ்வாய்க்கிழமை ஸ்டான்லி அவளைப் பார்த்ததுமே தொப்பியைக் கழற்றினார்.

"பேப்பர்ல பாத்தேன், தெல்மா. எனக்கு இது தெரியாமப் போச்சு. அன்னிக்குன்னு பாத்து உங்களை ஊரைவிட்டுக் கூப்பிட்டேனே. தப்பா எடுத்துக்காதீங்க."

"அய்யோ, இதுல என்ன இருக்கு."

"நான் தனியாவே போய்ட்டு வந்துடறேன். உங்க சந்தோஷத்துல குறுக்க நிக்கக் கூடாது."

"நீங்க ரொம்ப நல்லவர்" என்றாள் தெல்மா. இரண்டு பேரும் இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் காரியம் எங்கிருந்து நடக்கும்?

ஆட்டத்தின் நடுவில் அவர் இன்னொன்றும் சொன்னார். மகள் தெற்கே கார்ன்வாலில் இருக்கிறாள், அங்கேயே வந்துவிடும்படி நச்சரிக்கிறாள், விட்பி போய்வந்த பிறகு முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். "இங்க என்னைப் பிடிச்சு வைக்க என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார்.

சொல்லியிருக்கலாம். தெல்மா என்ன சொன்னாள் தெரியுமா? "கார்ன்வால்ல நல்லா வெயில் அடிக்குமாம்" என்றாள். அன்று ராத்திரி அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் இரண்டு இளவரசர்களைச் சுவரில் வீசி உடைத்திருப்பாள். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று விட்டாள்.

மறுநாள் பாலீன் மூச்சு வாங்க ஓடி வந்தாள். பத்திரிகையைப் பார்த்துவிட்டு வட்டாரத் தொலைக்காட்சியிலிருந்து கூப்பிட்டார்களாம். கல்யாணத்தன்று தெருவில் நடக்கப்போகும் விருந்தை நேரலையில் காட்டப்போகிறார்களாம். மணமகள் தேவாலயத்துக்குப் புறப்படுகிற நேரத்தில் தெல்மாவின் கூடத்திலிருந்து அவள் முகத்தைக் காட்டுவார்களாம்.

"பாலீன், நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தெல்மா ஆரம்பித்தாள்.

"இரு இரு, முதல்ல இதப் பாரு." பாலீன் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தாள். நீல நிறத்தில் இரண்டு தொப்பிகள், இறகு வைத்தவை. "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எங்க வீட்டுக்காரர் டெரிக்குக்குத் தெரியாது. தெரிஞ்சா மனுஷன் பால் கணக்கு வரைக்கும் இழுப்பார். ஆமா, என்னமோ சொல்ல வந்தியே?"

தெல்மா தொப்பியைப் பார்த்தாள், பாலீனின் முகத்தைப் பார்த்தாள். ஆர்தர் போன பிறகு இத்தனை வருஷமாக அவளோடு உட்கார்ந்து டீ குடித்த முகம் அது. "ரொம்ப அழகா இருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றாள்.

கல்யாண நாள் வந்தது. தூறலும் வந்தது. எங்கள் பக்கத்தில் தெரு விருந்துக்கு நாள் குறித்தால் மழையும் அதைக் குறித்துக்கொள்ளும். யாரும் அதைப் பெரிதுபண்ணவில்லை. தெருவின் இரண்டு முனையிலும் நகராட்சி கொடுத்த தடுப்புகளை வைத்தாகிவிட்டது. பாலீனின் கணவர் டெரிக் பளபளவென்ற மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு தடுப்புக்குக் காவல் நின்றார். "இவன் கல்யாணம் பண்ணிக்கறதுக்கு என் வரிப்பணமா?" என்று ஒரு மாதமாகக் கத்தியவர் அவர்தான். இன்றைக்கு ஒரு சைக்கிளைக்கூட உள்ளே விடமாட்டேன் என்று நின்றார். மாடி ஜன்னலில் 'ராஜா வேண்டாம்' என்று அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்த கல்லூரி மாணவன் கேலம், கீழே வந்து மூன்றாவது சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தான். "ராஜாதானே வேணாம்னே? ராஜா வீட்டுக் கல்யாணச் சாப்பாடு மட்டும் இனிக்குதா?" என்று யாரோ கேட்டார்கள். "இது மக்கள் பணத்துல செஞ்ச சாண்ட்விச்சு. நானும் மக்கள்தான்" என்றான். ஊரார் வீட்டுக் கல்யாணம் என்றால் மனிதர்களுக்கு எங்கிருந்தோ ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது. நனைந்த தோரணத்துக்குக் கீழே எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வீட்டுக்கு வீடு டிவி காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் யாரும் பார்க்காத கல்யாண உடையைப் பற்றி நாலு பேர் ஒரு மணி நேரமாக விவாதித்தார்கள். ஒருவர் அரண்மனைக் குதிரைகளின் மனநிலையைப் பற்றிப் பேசினார். குதிரைகள் அமைதியாக இருக்கின்றனவாம். "அதுங்களாவது இருக்கட்டும்" என்றாள் தெல்மா.

அவள் அமைதியாக இல்லை. நீலத் தொப்பியோடு தன் கூடத்தில், தன் நாற்காலியில், ஏதோ கடைக்கு வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சியிலிருந்து வந்த ஜெம்மா என்ற பெண் கோப்பைகளைக் காமிராவுக்குத் தோதாக நகர்த்தி வைத்தாள். நல்ல சுறுசுறுப்பான பெண்.

"தெல்மா, நான் கேட்டதும் மனசுல இருக்கறதைச் சொல்லுங்க, போதும். முடிஞ்சா லேசாக் கண்ணு கலங்கினா இன்னும் நல்லாருக்கும்" என்றாள் ஜெம்மா.

"கலங்கறதுக்குக் குறைச்சல் இல்ல, கண்ணு" என்றாள் தெல்மா.

ஸ்டான்லி இந்நேரம் கிளம்பியிருப்பார். அந்த நினைப்பு அவளைப் பிடுங்கியது. கடலைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் இங்கே என்ன இருக்கிறது என்று யோசிப்பார். கார்ன்வால் என்று முடிவு செய்வார். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து, தொப்பியைக் கழற்றி, மரியாதையாக விடைபெறுவார். அவளும் மரியாதையாகக் கை குலுக்குவாள்.

கூடம் நிறையத் தெருக்காரர்கள். பாலீன் காமிராவுக்குப் பக்கத்தில் நின்று, தொப்பி இறகு ஆட ஆட, தெல்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். மூலையில் டிவியில் மணமகளின் கார் புறப்பட்டது. இரண்டு பக்கமும் கூட்டம் கட்டி நிற்க, நடுவில் நீளமாக, ஒரு வண்டி இல்லாமல், கழுவிவிட்டது மாதிரி கிடந்தது ரோடு.

ஜெம்மா காதில் இருந்த கருவியை அழுத்திக்கொண்டு சிரித்தாள். "இப்ப நாம டாட்மோர்டன்ல, ராஜகுடும்பத்தோட முதல் ரசிகை தெல்மா கிரீன்வுட் வீட்ல இருக்கோம். தெல்மா, இந்த நிமிஷம் உங்க மனசுல என்ன ஓடுது?"

"ரோடு காலியா இருக்கு" என்றாள் தெல்மா.

"ஆமாமா, மணமகளுக்காக வழியெல்லாம் ஒதுக்கி..."

"அந்த ரோடு இல்ல, கண்ணு. விட்பி போற ரோடு. இன்னிக்கு நாடே டிவி முன்னாடி இருக்கா, அதனால விட்பி ரோடு வெறிச்சுன்னு கிடக்கும். மீன் கடையில வரிசைகூட இருக்காது. என்னை ஒருத்தர் கூப்பிட்டார். போகணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? போகாம இங்க தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

ஜெம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. காதுக்குள் யாரோ 'விடாதே, கேளு' என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அப்ப... இவ்வளவு கோப்பைங்க? உங்களுக்கு இளவரசரைப் பிடிக்காதா?"

"நல்ல பையன்னு சொல்றாங்க. நல்லா இருக்கட்டும். ஆனா எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. இந்த கோப்பையெல்லாம் ஜனங்க அன்பாக் குடுத்தது. எனக்கு ராஜாமேல ஒரு இதுவும் இல்லன்னு சொன்னா அவங்க மனசு நோகுமேன்னு இத்தனை வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். எனக்குத் தெரிஞ்சது ஸ்டான்லியைத்தான். அவர் கார்ன்வால் போகக் கூடாது. அதுதான் இந்த நிமிஷம் என் மனசுல ஓடுது. நீதானேம்மா கேட்டே?"

ஜெம்மா ஏதோ சொல்லி, ஒளிபரப்பைத் தெரு விருந்துப் பக்கம் திருப்பிவிட்டாள். கூட்டத்தில் முதலில் சிரித்தது கேலம்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். தெல்மா அதைக் கவனிக்கவில்லை. காமிராவுக்குப் பக்கத்தில் நீல இறகு இல்லை. பாலீன் சமையலறைக்குள் போய்விட்டிருந்தாள்.

உள்ளே பாலீன் தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஏற்கெனவே கழுவிய கோப்பைகள். தொப்பியைக் கழற்றி ரொட்டிப் பெட்டியின்மேல் வைத்திருந்தாள்.

"பாலீன், என்னை மன்னிச்சுடு. சொல்லணும் சொல்லணும்னு..."

"எனக்குத் தெரியும்டி."

"எது?"

"உனக்கு இதுலெல்லாம் ஒரு மண்ணும் பிடிக்காதுன்னு. ரெண்டாவதா அந்தத் தட்டு குடுத்தேனே, அப்பவே தெரியும். 'இவர் யாரு, பாங்க் மேனேஜர் மாதிரி இருக்காரே'ன்னு கேட்டியே. பட்டத்து இளவரசர்டி அவர்!"

தெல்மா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சுமா குடுத்துக்கிட்டே இருந்தே?"

"பின்ன, வெறுங்கையோட எப்படிடி வர்றது?" பாலீன் குழாயை மூடினாள். "ஆர்தர் போனப்புறம் நீ ஜன்னல் திரையக்கூடத் திறக்கல. கதவைத் தட்டி, 'அழுதுக்கிட்டா இருக்கே?'ன்னு கேக்க முடியுமா? அடுத்த வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்காதேன்னு டெரிக் வேற. ஒரு சாக்கு வேணும்ல? தர்மத்துக்குப் பழைய சாமான் விக்கற கடையில அந்தக் கப்பு கிடந்துச்சு, எடுத்துக்கிட்டு வந்தேன். நீ டீ போட்டுக் குடுத்தே. அப்புறம் அந்த வீட்லயும் கல்யாணம், குழந்தை, பட்டமேறி அம்பதாவது வருஷம்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருந்துச்சா, எனக்கும் சாக்குக்குப் பஞ்சமில்லாமப் போச்சு."

ஜெம்மா கேட்ட கண்ணீர் தெல்மாவுக்கு இப்போதுதான் வந்தது, காமிரா இல்லாத இடத்தில். அந்த மாதங்களில் கதவு தட்டும் சத்தம் கேட்டால்தான் அவள் முகம் கழுவுவாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்ப உனக்கும் ராஜா ராணியெல்லாம் பிடிக்காதா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"யார் சொன்னா? எனக்கு உயிரு. டிரெஸ்ஸப் பாக்காம நான் இன்னிக்கு இந்தத் தெருவை விட்டு நகர மாட்டேன்."

"பின்ன ஏன்டி கோவிச்சுக்கிட்டு உள்ள வந்தே?"

"கோவம் வராதா?" பாலீன் ஈரக்கையை இடுப்பில் ஊன்றினாள். "ஒரு ஆம்பளை விட்பிக்குக் கூப்பிட்டிருக்கார். அதை டிவியில ஊருக்கெல்லாம் சொல்றே. ஒட்டினாப்புல சுவத்துக்கு இந்தப் பக்கம் இருக்கற எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா? ஸ்டான்லியாம்! யாருடி அந்த ஸ்டான்லி?"

தெல்மா சொல்ல வாயைத் திறப்பதற்குள் வாசலில் கேலமின் குரல் கேட்டது. "தெல்மா! தடுப்புகிட்ட யாரோ ஒருத்தர் கார்ல வந்திருக்கார். டெரிக் உள்ள விடமாட்டேங்கறார்!"

இரண்டு பேரும் ஓடினார்கள். தெரு முனையில், பச்சை நிறப் பழைய கார் ஒன்றின் முன்னால், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டான்லி நின்றிருந்தார். டெரிக் மஞ்சள் சட்டையோடு மார்பை நிமிர்த்தியிருந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் எந்த வண்டியும் உள்ள வரக்கூடாது. நகராட்சி உத்தரவு."

"நீங்க சொல்றது ரொம்ப சரி" என்றார் ஸ்டான்லி. "வண்டி உள்ள வரவேண்டாம். ஆள் ஒருத்தர் வெளிய வந்தாப் போதும்."

"நீங்க இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டாள் தெல்மா.

"டிவியில உங்களை ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்பலாம்னு உக்காந்தேன்" என்றார் ஸ்டான்லி. அவர் காது இரண்டும் சிவந்திருந்தது. "பாத்துட்டேன்."

பாலீன் அவரை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள், சந்தையில் முட்டைக்கோஸ் பார்ப்பது மாதிரி. "ஷூவெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு" என்று தெல்மாவின் காதில் சொன்னாள். "போ. நின்னுக்கிட்டு இருக்காதே. போய்ட்டு வந்து ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும். டெரிக், அந்தத் தடுப்பை நகத்துங்க."

"நகராட்சி..."

"நகத்துங்கன்னா!"

டெரிக் ஒரு ஆள் போகிற அளவுக்கு நகர்த்தினார். அதற்குமேல் ஒரு விரற்கடைகூட நகர்த்தவில்லை.

ஸ்டான்லி சொன்னது பாதி தூரம் வரை உண்மையாகத்தான் இருந்தது. லீட்ஸைத் தாண்டும்வரை ரோடு அவர்களுக்கே எழுதிக் கொடுத்ததுபோல் கிடந்தது. யார்க்குக்குப் பிறகு முன்னால் ஒரு கார் தெரிந்தது. அப்புறம் பத்து. மேட்டு நிலத்தில், ஊதாப் புதர்களுக்கு நடுவே, கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன.

"ஆச்சரியமா இருக்கே" என்றார் ஸ்டான்லி. தன் தொழில் ஞானம் பொய்த்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "இந்நேரம் எல்லாரும் டிவி முன்னாடி இல்ல இருக்கணும்?"

விட்பியில் கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றினார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த மீன் கடையின் வரிசை கடைவாசலைத் தாண்டி, பாலம் வரை நின்றது. வெயில் வந்திருந்தது. கடல் அமைதியாக இருந்தது. வரிசையின் கடைசியில் போய் நின்றதும், முன்னால் நின்ற ஒரு குண்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"நீங்கதானே அது? ரோடு காலியா இருக்குன்னு டிவியில சொன்னவங்க?"

தெல்மா தலையாட்டினாள். உடனே அந்த அம்மாள் வரிசைக்கே கேட்கும்படி கூவினாள். "ஏய், இவங்கதான்! விட்பிக்காரம்மா இங்க இருக்காங்க!"

வரிசை முழுக்கத் திரும்பியது. ஒருவர் ஹல்லிலிருந்து, ஒருவர் லீட்ஸிலிருந்து, ஒரு குடும்பம் நார்த்தலர்டனிலிருந்து வந்திருந்தது. குதிரைகளின் மனநிலையைக் கேட்டுக் கேட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்களாம். தெல்மா சொன்னதைக் கேட்டதும், நாமும்தான் போனால் என்ன என்று ஆளாளுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். அவள் பேசிய காட்சி இதற்குள் ஊரெல்லாம் போனில் சுற்றிக்கொண்டிருந்தது. மணமகளின் உடைக்கு அடுத்தபடியாக அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்களாம். 'நீதானேம்மா கேட்டே?' என்ற வாக்கியத்தை ஒருவன் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினான். தெல்மா வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு பேருக்கு முன்னால் சிரித்து எத்தனை காலமாயிற்று!

"வரிசை இருக்காதுன்னு சொல்லி உங்களைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார் ஸ்டான்லி, மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"வரிசையைக் கூட்டிக்கிட்டு வந்தது நான்தான்" என்றாள் தெல்மா.

குண்டு அம்மாள் ஸ்டான்லியின் பக்கம் தலையைச் சாய்த்து, தணிந்த குரலில் கேட்டாள். தணிந்த குரல் என்று அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். "இவர் உங்க வீட்டுக்காரரா?"

ஸ்டான்லி பதறிப்போய் தொப்பியைக் கழற்றினார். "இல்லைங்க, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. நாங்க நடன வகுப்புல..."

"இன்னும் இல்ல" என்றாள் தெல்மா.

சொல்லிவிட்டு அவள் கடலைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது. ஸ்டான்லி நகராமல், தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். பின்னால் நின்றவர்களும் அவசரப்படுத்தாமல் நின்றார்கள்.

"சரி" என்றார் கடைசியில். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப, சாப்பிட்டதும் பொண்ணுக்குப் போன் பண்ணி, நான் வரலன்னு சொல்லிடறேன்."

"இப்பவே பண்ணுங்க" என்றாள் தெல்மா. "வரிசையில உங்க இடத்த நான் பாத்துக்கறேன்."